கீழ் வீட்டுத் தரைக்கு எது போடலாம்: வாட்டர்ப்ரூஃப் எஸ்பிசியா, டைல்ஸா, கிரானைட்டா?

வேளச்சேரி, முடிச்சூர், மடிப்பாக்கம் பக்கம் தரைத்தளத்துல வீடு வச்சிருக்கறவங்க தரையை மாத்தலாம்னு கடை கடையா ஏறினா முதல்ல காதுல விழறது "நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்" தான். எஸ்பிசி (கல்லுப் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) விக்கறவரும் சொல்றாரு, வினைல் (மெல்லிசான பிளாஸ்டிக் தரை) விக்கறவரும் சொல்றாரு, இப்ப மர நார் பலகையான லேமினேட்டுக்கே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. சில ஷோரூம்ல கண்ணாடித் தொட்டியில தண்ணி ஊத்தி அதுக்குள்ள ஒரு பலகையை முக்கி வச்சிருப்பாங்க, ரொம்ப நாளா உள்ளயே கிடக்கு சார், ஒண்ணும் ஆகல பாருங்கன்னு எடுத்துக் காட்டுவாங்க. அது பொய் இல்ல, அந்தப் பலகைக்கு நிஜமாவே ஒண்ணும் ஆகாது. ஆனா நம்ம வீட்டுல ஒத்தப் பலகை தொட்டியில கிடக்கப் போறதில்ல, நூத்துக்கணக்குல பலகையை ஒண்ணோட ஒண்ணு லாக் பண்ணி, அடியில ஃபோம் வச்சு, சிமென்ட் தளத்து மேல பரப்பி, சுவரோரமா இடைவெளி விட்டு, அதுக்கு மேல பீரோவும் கட்டிலும் ஏத்தப் போறோம். இந்த மொத்த ஏற்பாட்டுக்குள்ள தண்ணி எந்த வழியா போகும், போனது எப்படி வெளிய வரும்னு யோசிக்காம எதை வாங்கறதுன்னு முடிவு பண்ணவே கூடாது.

அதனால மாடலும் கலரும் பாக்கறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுக்கு தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாருங்க. மேலேர்ந்து வர்றது ஒரு வகை, மாப் தண்ணி, ஏசி சொட்டறது, ஆர்ஓ மெஷின் நிரம்பி வழியறது, ராத்திரி வாஷிங் மெஷின் ஹோஸ் கழண்டுக்கறது எல்லாம் இதுல வரும். கீழேர்ந்து வர்றது இன்னொரு வகை, மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேல வந்து தளத்து வழியா ஓதம் ஏறும், சுவத்துல முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் உரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா உங்க வீட்டுல அது ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மூணாவது வெள்ளம். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டினதும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்குல தண்ணி நின்னதும் இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். அது மழைத்தண்ணி மட்டும் இல்ல, சாக்கடையும் கலந்து வர்ற தண்ணி. இந்த மூணுல எதுக்கு பயப்படறோமோ அதை வச்சுதான் தரையைத் தேர்ந்தெடுக்கணும், ஏன்னா "வாட்டர்ப்ரூஃப்"னு போடறவங்க பெரும்பாலும் முதல் வகைக்கு மட்டும்தான் பொறுப்பு எடுத்துக்கறாங்க.

லேமினேட்டை முதல்லயே ஓரமா வச்சிடலாம். அதோட நடுப்பகுதி எச்டிஎஃப், அதாவது மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை. 24 மணி நேரம் தாங்கும், 72 மணி நேரம் தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கும், அதுக்கு அடிப்படையா இருக்கற டெஸ்ட்ல பலகை சேர்ற இடத்து மேல தண்ணியை நிறுத்தி வச்சு, சொன்ன நேரம் கழிச்சுத் துடைச்சுட்டு ஓரம் எவ்வளவு வீங்கியிருக்குன்னு அளப்பாங்க. மேல சிந்தினது, அதுவும் துடைக்கற தண்ணி, அவ்வளவுதான் கணக்கு. அடியிலேர்ந்து ஊறினாலோ ஓரத்து இடைவெளி வழியா இறங்கினாலோ பலகை ஊறி ஓரம் தூக்கிக்கும், ஒரு தடவை வீங்கினா காஞ்சாலும் பழைய மட்டத்துக்கு வராது, பத்தாததுக்கு கரையான் வேற. சென்னையில கீழ் வீட்டுக்கு லேமினேட் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். மூணாவது மாடியில, வெறும் பெட்ரூமுக்கு, ஈரத்துணியை நல்லா பிழிஞ்சு துடைக்கற பழக்கம் இருந்தா போட்டுக்கலாம்.

எஸ்பிசிதான் நிறைய பேரைக் குழப்பற ஐட்டம், அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன். சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்து அழுத்தின கோர், அதுல கல்லுப் பொடிதான் ஜாஸ்தி, மேல டிசைன் ஃபிலிம், அதுக்கு மேல 0.3 இல்ல 0.5 மில்லிமீட்டர் வியர் லேயர் (தேய்மானம் தாங்கற மேல் படலம்), அடியில நிறைய மாடல்ல ஃபோம் ஒட்டியே வரும். மரமே இல்லாததால வீங்காது, கரையானும் தொடாது, சிந்தின தண்ணியைத் துடைச்சா போச்சு. மேலேர்ந்து வர்ற தண்ணிக்கு இது நல்ல பொருள்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. சிக்கல் எங்கன்னா இதை சுவரோரமா எட்டு பத்து மில்லிமீட்டர் கேப் விட்டுத்தான் போடணும், வெயில்ல விரியும்ங்கறதால அந்த கேப் கட்டாயம், அதை ஸ்கர்ட்டிங் (சுவரோட அடியில ஓடற பட்டை) வச்சு மறைச்சிடுவாங்க, கண்ணுக்குத் தெரியாது. வாஷிங் மெஷின் ஹோஸ் கழண்டு அரை மணி நேரம் தண்ணி ஓடினா அது நேரா அந்த ஓரத்துக்குப் போய் கீழ இறங்கும். இறங்கின தண்ணிக்கு வெளிய வர வழியே கிடையாது. மேல இருக்கற பிளாஸ்டிக் பலகை ஆவியைக்கூட விடாது, கீழ இருக்கற சிமென்ட் தளம் குடிச்சுக்கும்.

அப்படி நனைஞ்ச ஒரு அறையில ஒரு மாசம் கழிச்சு பலகையைக் கழட்டினா எப்படி இருக்கும்னு சொல்றேன். பலகையோட மேல்பக்கம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், திருப்பினா ஃபோம்ல கருப்பா பொட்டு பொட்டா பூஞ்சை, தளத்து மேல மெல்லிசா ஒரு வழவழப்பு, ரொம்ப நாள் மூடி வச்ச பாத்ரூம் வாடை. சுவரோரத்துல எம்டிஎஃப் (இதுவும் மர நார் பலகைதான்) ஸ்கர்ட்டிங் அடிப்பக்கம் உப்பி பெயின்ட் வெடிச்சிருக்கும், வார்ட்ரோப் அடிப் பலகை ப்ளைவுட்னா லேயர் லேயரா பிரிஞ்சிருக்கும். பலகைக்கு மட்டும் எதுவுமே ஆகியிருக்காது, கம்பெனி சொன்னது அப்படியே நிஜம், வீடு மட்டும் பாழ். நனைஞ்ச பொருள்ல பூஞ்சை பிடிக்க 24லேர்ந்து 48 மணி நேரம் போதும்ங்கறதால, பெரிய அளவுல தண்ணி கொட்டினா மேல துடைச்சுட்டு ஃபேன் போட்டு விட்டுட்டா முடிஞ்சதுன்னு இருக்கக் கூடாது, ஸ்கர்ட்டிங்கைக் கழட்டி ஓரத்துலேர்ந்து பலகையை எடுத்து தளத்தைக் காயவிட்டே ஆகணும். இதுல எஸ்பிசிக்கு ஒரு நல்ல விஷயமும் உண்டு, ஒட்டாம போட்டதால கழட்ட முடியும். ஆனா கழட்டறப்ப லாக் நாக்கு உடையாம எடுக்கறது எல்லாருக்கும் வராது, போட்டவரையே கூப்பிடறது நல்லது.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தி விளக்கமாத்தால தள்ளிக் கழுவற பழக்கம் இருக்கே, அது எஸ்பிசி போட்ட வீட்டுல ஒத்து வராது. இதை விக்கறவங்க யாரும் தானா சொல்லறதில்ல. அம்மாவோ மாமியாரோ வீட்டைக் கழுவாம விடமாட்டேன்னு சொல்ற வீடா இருந்தா அவங்களை மாத்த நினைக்காதீங்க, தரையை மாத்தி யோசிங்க.

வாரன்ட்டி பேப்பரைக் கேட்டு வாங்கி உக்காந்து படிங்க, இதுக்கு அரை மணி நேரம் செலவு பண்றது தப்பே இல்ல. முன்பக்கத்துல லைஃப்டைம் வாட்டர்ப்ரூஃப்னு பெருசா போட்டிருக்கும், உள்ள போனா வெள்ளம், பைப் உடைஞ்சு வர்ற கசிவு, தேங்கி நிக்கற தண்ணி, தளத்துக்கு அடியிலேர்ந்து வர்ற ஈரம், நிலத்தடி நீர் அழுத்தம் இதெல்லாம் எங்க பொறுப்பு இல்லன்னு பெரும்பாலும் எழுதியிருக்கும். பலகை வீங்கினாதான் வாரன்ட்டி, வீங்காத பொருளுக்கு வீங்காதுன்னு வாரன்ட்டி கொடுக்கறதுல அவங்களுக்கு என்ன நஷ்டம் வந்துடப் போகுது? அடியில பூஞ்சை வந்தா, சுவர் ஊறினா, மர சாமான் போனா அதுக்குள்ள வராது. க்ளெய்ம் கிடைச்சாலும் நிறைய இடத்துல பலகை மட்டும்தான் தருவாங்க, கழட்டற கூலி, போடற கூலி, சாமான் நகத்தற கூலி நம்ம தலையில. போடறதுக்கு முன்னாடி தளத்தோட ஈரத்தை அளந்ததுக்கு ஆதாரம் கேட்பாங்க, நம்ம ஊர்ல யாரு அளந்து எழுதி வச்சிருக்கா? கடைக்காரர்கிட்ட வாயால கேக்காதீங்க, "பைப் லீக் ஆகி அடியில தண்ணி போனா கவர் ஆகுமா"ன்னு வாட்ஸப்ல எழுத்துல கேளுங்க, வர்ற பதிலைப் பத்திரமா வச்சுக்கோங்க.

அந்த ஈரத்தை அளக்கறதுக்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை தளத்துல விரிச்சு நாலு ஓரத்தையும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டிடுங்க, குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க. ஏஎஸ்டிஎம்ங்கற அமெரிக்க தர அமைப்போட டி4263ங்கற டெஸ்ட்தான் இது. எடுத்துப் பாக்கறப்ப ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கருத்துத் தெரிஞ்சாலோ கீழேர்ந்து ஈரம் வருது. வெளிச்சுவர் ஓரத்துல, பாத்ரூம் சுவருக்கு வெளிப்பக்கத்துல, நடு ஹால்ல மூணு இடத்துலயும் போட்டுப் பாருங்க. ஏப்ரல் மே மாசத்துல பாத்துட்டு காஞ்சு இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, கீழ் வீட்டுக்கு நவம்பர்ல பாக்கறதுதான் நிஜமான டெஸ்ட். இதுல ஈரம் வந்துச்சுன்னா எஸ்பிசியும் வேண்டாம், ஒட்டற வினைலும் வேண்டாம். அதுலயும் வினைல் ஷீட் இன்னும் மோசம், ஓதம் ஏறினா கோந்து இளகி பலூன் மாதிரி அங்கங்க உப்பும், ஓரம் பிரியும்.

இப்ப டைல்ஸ். நல்ல விட்ரிஃபைடு டைல் (அதிக சூட்டுல சுட்டு கண்ணாடி மாதிரி இறுகினது) தன்னோட எடையில அரை சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது, சாதாரண செராமிக் தரை டைல் மூணுலேர்ந்து ஆறு சதவீதம் வரைக்கும் குடிக்கும், சுவர் டைல் பத்துக்கு மேல. அதனால விட்ரிஃபைடு போட்டா தண்ணிப் பிரச்சனையே இல்லன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அதுவும் முழுசா சரி கிடையாது. டைலுக்கு ஒண்ணும் ஆகாது, ஜாயின்ட்டும் அடியில இருக்கற கலவையும்தான் தண்ணி குடிக்கற இடம். ஒயிட் சிமென்ட் வச்சு ஜாயின்ட் அடைச்சா அது ஊறும், கருக்கும், ரெண்டு வருஷத்துல அங்கங்க உதிரும். எபாக்ஸி கிராவுட் (பிசின்ல பண்ணின, ஜாயின்ட் அடைக்கற கலவை) விலை ஜாஸ்தி, வேலையும் மெனக்கெட்ட வேலை, ஆனா தண்ணி உள்ள போகாது, கறை பிடிக்காது. கிச்சன், பாத்ரூம், வாஷிங் மெஷின் வைக்கற இடம் இந்த மூணுக்காவது எபாக்ஸி போடுங்க, வீடு பூரா கட்டுப்படி ஆகலன்னா பரவாயில்ல.

ஆனா கிராவுட்டை விட பெரிய விஷயம் டைல் எப்படி ஒட்டறாங்கங்கறது. கலவையைக் கொட்டிப் பரப்பி, மேல சிமென்ட் பால் ஊத்தி, டைலை வச்சு ரப்பர் சுத்தியால நாலு தட்டு தட்டிட்டுப் போறதுதான் நம்ம ஊர் வழக்கம். விட்ரிஃபைடு தண்ணியே குடிக்காத பொருள்ங்கறதால சிமென்ட் பால் அதுல சரியா கவ்வாது, மூலைகள்ல அடியில பொந்து விழும். நாணயத்தால தட்டிப் பாருங்க, பிடிச்ச இடத்துல கணீர்னு கெட்டியா கேக்கும், பிடிக்காத இடத்துல டொக்குன்னு காலியா கேக்கும். அந்தப் பொந்துலதான் தண்ணி போய் உக்காந்துக்கும், வெள்ளம் வடிஞ்சு மாசக்கணக்கு ஆனாலும் ஜாயின்ட் வழியா உப்பு வெளிய வந்துக்கிட்டே இருக்கறது அதனாலதான். ஐஎஸ் 15477ங்கற இந்தியத் தர எண் போட்ட டைல் அட்ஹெசிவ் (டைல் ஒட்டற பசைக் கலவை) வாங்கி, பல்லு வச்ச கரண்டியால இழுத்து, டைல் முழுசா பிடிக்கற மாதிரி ஒட்டச் சொல்லுங்க. மேஸ்திரி இது எதுக்கு வீண் செலவுன்னு சொல்லுவாரு, விடாதீங்க. அதே மாதிரி ஜாயின்ட்டே தெரியக்கூடாதுன்னு டைலை நெருக்கி ஒட்டச் சொல்றது பெரிய தப்பு, ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஸ்பேசர் வச்சு, சுவரோரத்துல ஸ்கர்ட்டிங்குக்கு அடியில கொஞ்சம் கேப் விட்டாதான் தரை விரியறதுக்கு இடம் இருக்கும், இல்லன்னா ஒரு நாள் பட்டுனு சத்தம் கேட்டு நடு ஹால்ல ரெண்டு டைல் கூரை மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும்.

பாத்ரூம் டைல் விஷயத்துல ஒண்ணு நல்லா மனசுல வச்சுக்கோங்க, அங்க தண்ணியைத் தடுக்கறது டைல் இல்ல, டைலுக்கு அடியில அடிக்கற வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்தான். கோட்டிங் அடிச்சு முடிச்சதும் தண்ணி வெளிய போற தரைத் துளையை, அதாவது ட்ராப்பை அடைச்சுட்டு தண்ணி கட்டி குறைஞ்சது ஒரு முழு நாள் விட்டு, மாடி வீடுன்னா கீழ இருக்கற வீட்டோட சீலிங்கையும் பக்கத்து ரூம் சுவரையும் பாத்துட்டு அப்புறம்தான் டைல் ஒட்ட விடணும். வாட்டத்தையும் அப்பவே பாத்துடுங்க, ரசமட்டம் வச்சுப் பாத்தாலும் சரி, ஒரு குவளைத் தண்ணி ஊத்திப் பாத்தாலும் சரி, அது ட்ராப்பைத் தேடி ஓடணும், கதவுப் பக்கம் ஒரு சொட்டு வரக்கூடாது. பாத்ரூம் வாசல்ல கிரானைட் படி ஒரு இஞ்சாவது தூக்கி வைங்க. பெட்ரூம்ல எஸ்பிசி போட்டு பாத்ரூம் வாசல்ல வெறும் அலுமினியப் பட்டை வச்சு முடிச்ச வீடுகள்ல முதல்ல கெடறது அந்த இடம்தான், நான் பாத்த வரைக்கும் இதுக்கு விதிவிலக்கே இல்ல.

கிரானைட் நம்ம ஊர் சரக்கு, கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்துலேர்ந்து வருது, தேயாது, கழுவலாம், வெள்ளம் வந்தாலும் கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அது கல்லுங்கறதால கொஞ்சம் உறிஞ்சும், ஈரக் கலவையில பதிச்சா வெளிர் கலர் கிரானைட்ல நடுவுல தண்ணி ஊறின மாதிரி கருப்புத் திட்டு நிக்கும், அது போக மாசக்கணக்குல ஆகலாம், ஓதம் ஏறிக்கிட்டே இருக்கற வீட்டுல போகவே போகாது. கறுப்பு, அடர் பழுப்பு எடுத்தா கண்ணுக்குத் தெரியாது. அடிப்பக்கம் சீலர் (ஈரம் ஏறாம தடுக்கற பூச்சு) அடிச்சுப் பதிக்கறது நல்லது. மார்பிள்ல இந்தத் தொல்லை இன்னும் ஜாஸ்தி, மஞ்சள் கறையே ஏறிடும், கீழ் வீட்டுக்கு அதை நான் யாருக்கும் சொல்லறதில்ல.

ஆத்தங்குடி டைல் ஆசைப்படறவங்களுக்கு: அது சுட்ட டைல் இல்ல, கண்ணாடி மேல கலர் ஊத்தி சிமென்ட் வச்சு கையால வார்த்து தண்ணியில போட்டு எடுக்கறது. தண்ணி பட்டா வீங்காது, நடக்க நடக்க பளபளப்பு கூடும், ஆனா நுண்ணிய துளை உள்ள பொருள், ஓதம் ஏறினா கலர் மேல வெள்ளையா உப்பு பூக்கும், ஆசிட் ஊத்தினா முடிஞ்சது. காரைக்குடி பக்கத்து பழைய வீடுகள்ல அது அழகா நிக்குதுன்னா அந்த வீடுகள் உயரமான அடித்தளத்து மேல கட்டினது, அதையும் சேர்த்துத்தான் பாக்கணும். ரெட் ஆக்ஸைடும் இதே கதைதான், நல்ல கொத்தனார் கிடைச்சா போடலாம்.

சரி, எதைப் போடறது? வெள்ளம் வர்ற ஏரியால கீழ் வீடுன்னா வேற யோசனையே வேண்டாம், அட்ஹெசிவ்ல ஒட்டின மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு, இல்லன்னா அடர் கலர் கிரானைட். மேட் ஏன்னா வயசானவங்க இருக்கற வீட்டுல கிளாஸி டைல்ல ஒரு சொட்டு தண்ணி போதும் வழுக்கி விழ. ஸ்கர்ட்டிங்கும் டைல் இல்ல கல்லுலயே போடுங்க, எம்டிஎஃப் பக்கமே போகாதீங்க. வார்ட்ரோபையும் கிச்சன் கேபினட்டையும் தரையில உக்கார வைக்காம நாலு இஞ்ச் கடப்பா கல் பீடம் கட்டி அது மேல வைங்க, தரைக்கு ஆகற செலவை விட அந்த மர வேலைக்கு ஆகற செலவுதான் பெருசு. வெள்ளத்தப்ப வாசலை அடைச்சாலும் பாத்ரூம் ட்ராப் வழியா சாக்கடைத் தண்ணி மேல வரும், அதனால பாத்ரூம் லைன்லயே ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணியை வெளிய விட்டு, திரும்ப உள்ள வர விடாத வால்வு) போட முடியுமான்னு பிளம்பரைக் கேளுங்க. இதையெல்லாம் பண்ணினாலும் தண்ணி உள்ள வரலாம், ஆனா வடிஞ்ச பிறகு சேறைத் தள்ளிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டு, திரும்ப அதே தரையில வாழ முடியும். எஸ்பிசி போட்டிருந்தா சாக்கடைத் தண்ணி குடிச்ச ஃபோமோட மொத்தத்தையும் அள்ளிக் கொட்டறதைத் தவிர வேற வழி இருக்காது.

மாடி வீடு, ஓதம் இல்ல, பழைய மொசைக் தரையைப் பேத்து எடுக்கற தூசியும் சத்தமும் வேண்டாம், ரெண்டு நாள்ல வேலை முடியணும்னா எஸ்பிசி நல்ல சாய்ஸ்தான், மனசார சொல்றேன். பெட்ரூம், ஹாலுக்குப் போடுங்க, கிச்சனையும் பாத்ரூமை ஒட்டின பாதையையும் டைல்லயே விடுங்க. 0.5 வியர் லேயர் எடுங்க, தளம் மட்டமா இருக்கான்னு பாத்துட்டுப் போடச் சொல்லுங்க, மேடு பள்ளம் இருந்தா நடக்க நடக்க லாக் உடைஞ்சு அந்த விரிசல்தான் தண்ணிக்கு வாசலாகும். நேரா வெயில் விழற பால்கனிக் கதவுக்கு திரை போடுங்க. வாஷிங் மெஷின் ஹோஸை ரப்பர்லேர்ந்து ஸ்டீல் பின்னல் ஹோஸா மாத்துங்க, துவைச்சு முடிச்சதும் குழாயை மூடுங்க. வாடகை வீடுன்னா தரையை ஓனர்கிட்ட விட்டுட்டு உங்க பீரோவை ஸ்டாண்டு மேல ஏத்துங்க, அது போதும்.

வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்காதவங்க பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைக் கேட்டுப் பாருங்க, 2021 ஏப்ரல்லேர்ந்து இருக்கற ஸ்டாண்டர்ட் பாலிசி, வெள்ளமும் பைப், டேங்க் வெடிச்சோ வழிஞ்சோ வர்ற சேதமும் அதுல வருது. மெதுவா ஊறின ஓதத்துக்கு அதுல பணம் எதிர்பார்க்காதீங்க. தரை போடறப்ப தளத்தோட போட்டோ, பிளாஸ்டிக் ஷீட் டெஸ்ட் போட்டோ, பில், அட்ஹெசிவ் மூட்டை போட்டோ எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுக்கோங்க. டைலோ பலகையோ எதைப் போட்டாலும் அதே பேட்ச் நம்பர்ல ரெண்டு பெட்டி சேர்த்து வாங்கி பரண்ல வைங்க, நாலு வருஷம் கழிச்சு ஒரு மூலை போச்சுன்னா அந்த ஷேடு கடையில கிடைக்காது.